அந்த பெல்ட் யாருடையது?

1,400 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த பட்டாளத்து பெல்ட்! அதன் சொந்தக்காரனைத் தேடி நடந்த துப்பறியும் வேலை!

1874-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்குத் தென்கிழக்கே, தேம்ஸ் நதியின் ஓரமாக ஒரு கிராமம் இருக்கிறது. அதன் பெயர் டார்செஸ்டர்.

அந்தக் கிராமத்தின் பக்கத்தில் மிகப் பழைய மண்மேடு ஒன்று நீளமாக ஓடியது. கூலியாட்கள் அதை வெட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் வந்தன. அது ஓர் ஆண்பிள்ளையின் எலும்புக்கூடு. எலும்புகளோடு, பச்சைக் களிம்பு ஏறிய வெண்கலத் துண்டுகள் பலவும் அகப்பட்டன.

தட்டையான தகடுகள், வாரின் நுனியில் மாட்டும் பூண், பூப்போன்ற வட்டத் தட்டு, அதில் தொங்கும் வளையம். இப்படிப் பல துண்டுகள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அது ஓர் இடுப்பு பெல்ட். தோல் முழுவதும் மக்கி மண்ணாகிவிட்டது. தோலில் தைத்திருந்த உலோகப் பாகங்கள் மட்டும் மிஞ்சிவிட்டன.

அதே இடத்தில் ஒரு பெண்ணின் கல்லறையும் அகப்பட்டது. அவளுடைய பொருள்களிலும் ஒரு பெல்ட் பக்கிள் இருந்தது. வாரை மாட்டிப் பூட்டுகிறோமே, அந்தப் பூட்டைத்தான் பக்கிள் என்கிறோம்.

இறந்தவனுக்குப் பெயர் இல்லை. கல்வெட்டு இல்லை. காகிதம் இல்லை. இருந்ததெல்லாம் பெல்ட் ஒன்றுதான்.

அவன் யார்? எந்த நாட்டான்? யாருக்காக ஆயுதம் தாங்கினான்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி அறிஞர்கள் 100 ஆண்டுகளுக்கு மேல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்!

கோட்டையை அழித்த ஏர்

அந்த மண்மேட்டுக்கு டைக் ஹில்ஸ் என்று பெயர். அது ஆற்று மண் குவிந்து தானாக உண்டான மேடு அல்ல. ரோமாபுரிப் படை இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மக்கள் கட்டிய மண் அரண் அது. இரண்டு கரைகள், நடுவே ஆழமான பள்ளம். தேம்ஸ் நதியின் வளைவுக்குள் இருந்த 100 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அந்த அரண் காத்து நின்றது.

1870-ம் ஆண்டு வாக்கில் நிலத்துக்காரர் அதை இடித்து உழுவதற்கு ஏற்பாடு செய்தார். "கூடாது! இது நாட்டின் சொத்து!" என்று சிலர் குரல் எழுப்பினார்கள். அவர்களில் ஒருவர் ராணுவ அதிகாரியான அகஸ்டஸ் லேன் பாக்ஸ். பிற்காலத்தில் பிட் ரிவர்ஸ் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்ற புதைபொருள் ஆராய்ச்சியாளர் இவர்தான். அவர் நேரில் போய்ப் பார்த்தார். அறிஞர்கள் சபையில் கட்டுரை எழுதிக் கண்டித்தார்.

ஆனால் தடுக்கச் சட்டம் இல்லை. சொந்த நிலத்தில் சொந்தக்காரர் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் அன்றைய நிலைமை. அரணில் ஒரு பகுதி அழிந்தது. அப்படி அழியும்போதுதான் இந்தக் கல்லறைகள் அகப்பட்டன.

அப்போது ஆக்ஸ்போர்டில் உடற்கூறு பேராசிரியராக இருந்தவர் ஜார்ஜ் ரோல்ஸ்டன். பழைய எலும்புகளைச் சேகரித்து ஆராய்வதில் அவருக்கு மிகுந்த ஆர்வம். அவர் மூலமாகப் பொருள்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் பொருட்காட்சி சாலையில் இடம்பெற்றன.

அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. 1950-களின் தொடக்கத்தில்தான் ஜோன் கிர்க், லீட்ஸ் என்ற இரு அறிஞர்கள் இந்தக் கல்லறைகளைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். தோண்டி எடுத்து ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து!

நான்கு கேள்விகள்

ஊர் பேர் தெரியாத ஒரு பழைய பக்கிள் கையில் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

முதல் கேள்வி: எதனால் செய்தது, எப்படிச் செய்தது?

தகட்டைத் தட்டிச் செய்ததா, உருக்கி வார்த்ததா என்று பார்க்கவேண்டும். பழைய ரோமாபுரிப் பட்டாள பெல்ட்டுகள் சிலவற்றில் விசித்திரமான வேலைப்பாடு இருக்கும். மரத்தச்சர் உளியால் பூ செதுக்குவதுபோல, ஆப்பு வடிவப் பள்ளங்கள் வரிசை வரிசையாக இருக்கும். வெளிச்சம் பட்டால் அந்தப் பள்ளங்கள் பளபளவென்று மின்னும். முதலில் மாதிரி செய்து, அதில் பள்ளங்களைச் செதுக்கி, மண் அச்சு எடுத்து, வெண்கலத்தை உருக்கி ஊற்றுவார்கள்.

இரண்டாவது கேள்வி: என்ன உருவம்?

இத்தகைய பக்கிள்களில் மிருகத் தலைகள் எதிரும் புதிருமாக இருக்கும். சிலவற்றில் டால்பின் மீன்கள். சிலவற்றில் குதிரைத் தலைகள். சிலவற்றில் சிங்கம் போன்ற விலங்குகள்.

மூன்றாவது கேள்வி: இதேபோல் வேறு எங்கே கிடைத்திருக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு தேசப்படத்தை விரித்து, அதே ஜாடையுள்ள பக்கிள் எந்த எந்த ஊரில் கிடைத்ததோ, அந்த ஊரில் எல்லாம் ஒரு புள்ளி வைக்கவேண்டும். புள்ளிகள் எங்கே கூட்டமாக இருக்கின்றனவோ, அந்த வட்டாரத்தில்தான் அது செய்யப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

நான்காவது கேள்வி: கூட என்ன கிடைத்தது?

பக்கிள் தன் வயதைச் சொல்லாது. ஆனால் கூடவே ஒரு நாணயம் இருந்தால் அது சொல்லும். நாணயத்தில் சக்கரவர்த்தியின் முகம் இருக்கும். அவர் ஆண்ட காலத்துக்கு முன்னால் அந்தக் கல்லறை தோண்டப்பட்டிருக்க முடியாது அல்லவா? ஐரோப்பாவில் ரைன் நதிக்கரையிலும் வடக்கு பிரான்சிலும் இதே ஜாதி பெல்ட்டுகள் நாணயங்களோடு பல கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன.

இந்த நான்கு கேள்விகளையும் டார்செஸ்டர் பெல்ட்டிடம் கேட்டார்கள். பதில் வந்தது.

அந்த பெல்ட் கி.பி. 400-ம் ஆண்டை ஒட்டிய காலத்தது. அதாவது, ரோம சாம்ராஜ்யம் இங்கிலாந்தை விட்டுக் கைகழுவிக்கொண்டிருந்த காலம். அதன் பாணியோ, கடல் கடந்து, ரைன் நதி எல்லையைக் காத்துநின்ற ரோமாபுரிப் படையின் பாணி!

பெல்ட் கட்டினால் உத்தியோகம்!

ரோமாபுரி என்பது தமிழர்களுக்குப் புதிய பெயர் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் சின்னங்கள் வெளிப்பட்டன. கோவை, கரூர் வட்டாரங்களில் ரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

அந்த ரோமாபுரியின் கடைசிக் காலத்தில் பெல்ட்டுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. லத்தீன் மொழியில் அதற்கு சிங்குலம் என்று பெயர். இன்று கால்சட்டை நழுவாமல் இருக்க பெல்ட் போடுகிறோம். அன்று அப்படி அல்ல. பெல்ட் கட்டியிருந்தால் அவன் சர்க்கார் ஆள் என்று பொருள்!

பெல்ட் கட்டிக்கொண்டால் உத்தியோகத்தில் சேர்ந்தான் என்று அர்த்தம். பெல்ட்டைக் கழற்றினால் உத்தியோகத்தை விட்டான் என்று அர்த்தம்.

கி.பி. 298-ம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் பிரசித்தமானது. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள டாஞ்சியர் நகரத்தில் மார்செல்லஸ் என்ற படைத்தலைவர் இருந்தார். அவர் கிறிஸ்தவர். சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விழாவில், படைக் கொடிகளுக்கு முன்னால், தம் பெல்ட்டைக் கழற்றி வீசி எறிந்தார். "இனி நான் சக்கரவர்த்தியின் சிப்பாய் அல்ல" என்பதற்கு அதுவே அடையாளம். அதற்காக அவருக்கு மரண தண்டனை கிடைத்தது!

ஒரு பெல்ட்டுக்கு எவ்வளவு கனம் இருந்தது, பாருங்கள்!

பட்டாளத்தார் மட்டும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் சர்க்கார் காரியாலயங்களில் எழுத்து வேலை பார்த்த உத்தியோகஸ்தர்களும் பெல்ட் அணிந்தார்கள். பெல்ட்டின் அகலமும், அதில் உள்ள வேலைப்பாடும், அணிந்தவரின் அந்தஸ்தைக் காட்டின.

முதல் தீர்ப்பு

பெல்ட் ரோமாபுரிப் பட்டாள பெல்ட். சரி. அதைக் கட்டியிருந்தவன் யார்?

1961-ம் ஆண்டு இதற்கு ஒரு பதில் வந்தது. சோனியா சாட்விக் ஹாக்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர், டன்னிங் என்ற அறிஞரோடு சேர்ந்து, பிரிட்டனில் கிடைத்த மிருகத் தலை பக்கிள்களை எல்லாம் தேடித் தேடித் தொகுத்தார். ஒவ்வொன்றையும் அளந்து, படம் வரைந்து, ஜாதி பிரித்தார். தேசப்படத்தில் புள்ளி வைத்தார். அப்போது அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை.

அவர்கள் சொன்ன முடிவு இது:

"இந்த பெல்ட்டுகளை அணிந்தவர்கள் ஜெர்மானிய இனத்தார். ரோமாபுரி அவர்களைச் சம்பளம் கொடுத்துக் காவலுக்கு அமர்த்தியது. டார்செஸ்டரில் புதைக்கப்பட்டவன் அப்படி வந்த கூலிப்படை வீரன்."

இந்த முடிவுக்குத் துணையாக அந்தப் பெண்ணின் கல்லறை இருந்தது. அவள் உடையில் குத்தியிருந்த ஊசிப் பதக்கம் வடக்கு ஜெர்மனியில் பெண்கள் அணிந்த பாணியில் இருந்தது. ஆக, வீரர்கள் மட்டும் அல்ல, பெண்களும் அங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்று வாதாடினார்கள்.

இந்த முடிவு இங்கிலாந்தில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. ஏன்?

இங்கிலீஷ்காரர்களின் முன்னோர் ஜெர்மனிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். அவர்கள் வந்தது கி.பி. 449-ம் ஆண்டு வாக்கில் என்பது பீட் என்ற பழைய சரித்திர ஆசிரியர் எழுதிவைத்த கணக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படித்தார்கள். டார்செஸ்டர் பெல்ட்டோ, "இல்லை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாங்கள் வந்துவிட்டோம். படையெடுத்து வரவில்லை, சர்க்காரே கூப்பிட்டு வேலை கொடுத்தது" என்று சொல்வதுபோல் இருந்தது.

ஒரு பெல்ட், ஒரு தேசத்தின் சரித்திரத்தையே திருத்தி எழுதச் சொன்னது!

அயல்நாட்டாரைக் காவலுக்கு வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் அதிசயம் அல்ல. முல்லைப்பாட்டில் தமிழ் அரசனின் பாசறை வருகிறது. அங்கே சட்டை அணிந்த யவனர்கள் காவல் இருந்தார்கள் என்று அந்தப் பாட்டு காட்டுகிறது. சம்பளமும் நம்பிக்கையும் இருந்தால் அயலானும் காவல்காரன்தான்.

"டவாலி"யைப் பார்த்து ஊர் சொல்ல முடியுமா?

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. மறுப்பு கிளம்பியது.

கலெக்டர் ஆபீசில் டவாலி போட்ட சேவகரை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தோளிலிருந்து குறுக்கே ஓடும் பட்டை. அதில் பளபளக்கும் பித்தளை வில்லை. அதைப் பார்த்தவுடன், "இவர் கலெக்டர் ஆபீஸ் ஆள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் பிறந்தது திருநெல்வேலியா, தஞ்சாவூரா, சேலமா என்று வில்லையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது! வில்லை உத்தியோகத்தைத்தான் சொல்லும். ஊரைச் சொல்லாது.

மறுத்தவர்களின் வாதமும் இதுதான். "இது ரோமாபுரிப் பட்டாளத்தின் பெல்ட். அந்தப் பட்டாளத்தில் யார் சேர்ந்தாலும் இதைத்தான் கட்டுவான். ஜெர்மானியனும் கட்டுவான். பிரான்சில் பிறந்தவனும் கட்டுவான். பிரிட்டனிலேயே பிறந்தவனும் கட்டுவான். பெல்ட்டை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிக்கலாமா?" என்று கேட்டார்கள். 1976-ல் சிம்சன் என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் பக்கிள்களை மறுபடி பரிசீலித்து எழுதினார். அதன் பிறகு பலரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

இந்த பெல்ட்டுகளின் ஆப்பு வடிவ வேலைப்பாட்டைப் பற்றியும் இதே மாதிரி ஒரு சண்டை முன்பே நடந்திருந்தது. "இது நாகரிகம் இல்லாத கூட்டத்தாரின் கைவேலை, ரோமாபுரிக் கலை இப்படி இருக்காது" என்று சிலர் நினைத்தார்கள். 1901-ல் வியன்னாவைச் சேர்ந்த கலை ஆராய்ச்சியாளர் அலோயிஸ் ரீகல் அதை மறுத்தார். இது ரோமாபுரியின் கடைசிக் காலக் கலையேதான் என்று பெரிய புத்தகம் எழுதி வாதாடினார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குதிரைத் தலை பக்கிள்களுக்குப் புள்ளி வைத்துப் பார்த்தால், புள்ளிகள் எல்லாம் பிரிட்டனுக்குள்ளேயே விழுகின்றன! அதாவது, அவை கடல் கடந்து வந்த சரக்கு அல்ல. உள்ளூரில் வார்த்த சரக்கு. டார்செஸ்டர் பெண்ணின் பக்கிள் இந்த உள்ளூர் ஜாதியைச் சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். பதக்கம் ஜெர்மனிப் பாணி. பக்கிள் பிரிட்டன் சரக்கு. இரண்டும் ஒரே பெண்ணின் உடையில்! பெண் பட்டாளத்தில் சேரவும் இல்லை. அப்படியானால் பக்கிள் எப்போதும் சிப்பாயின் இடுப்பிலேயே இருந்தது என்று சொல்ல முடியாது. கைமாறியும் போயிருக்கிறது.

பல் சொன்ன சாட்சி

வாதமும் மறுப்புமாக இருந்த இந்த விவகாரத்தில் எதிர்பாராத சாட்சி ஒன்று வந்தது. அதுதான் பல்!

மனிதனின் நிலையான பற்கள் குழந்தைப் பருவத்தில் உருவாகின்றன. அப்போது குடிக்கும் தண்ணீரும், தின்னும் தானியமும், பல்லின் மேலுள்ள கெட்டியான எனாமலில் தங்கள் முத்திரையைப் பதித்துவிடுகின்றன. குளிர் நாட்டுத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனுக்கும், வெப்பமான நாட்டுத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனுக்கும் நுட்பமான வித்தியாசம் உண்டு. பாறைக்குப் பாறை, மண்ணுக்கு மண், ஸ்ட்ரான்சியம் என்ற உலோகச் சத்திலும் வித்தியாசம் உண்டு.

பிறகு அந்த மனிதன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் சரி, எத்தனை வயதானாலும் சரி, எனாமலில் பதிந்தது மாறாது. விஞ்ஞானிகள் ஒரு பல்லை எடுத்து ஆராய்ந்தால், "இவன் குழந்தையாக இருந்தது இந்த மாதிரி சீதோஷ்ணம், இந்த மாதிரி மண் உள்ள நாடு" என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் லாங்க்ஹில்ஸ் என்ற இடத்தில் ரோமர் காலத்து இடுகாட்டை 1967 முதல் 1972 வரை ஜைல்ஸ் கிளார்க் என்பவர் தோண்டினார். அங்கேயும் பல ஆண்கள் பெல்ட்டோடு புதைக்கப்பட்டிருந்தார்கள். தோளில் மாட்டும் பெரிய ஊசிப் பதக்கங்களும் இருந்தன.

"இந்தப் பழக்கம் உள்ளூர்ப் பழக்கம் அல்ல. இவர்கள் டான்யூப் நதிப் பக்கத்திலிருந்து, இன்றைய ஹங்கேரி வட்டாரத்திலிருந்து, வந்தவர்கள்" என்று கிளார்க் முடிவு கட்டினார். பெல்ட்டைப் பார்த்துச் சொன்ன முடிவு அது.

2006-ல் அவர்களின் பற்களைச் சோதித்த முடிவு வெளிவந்தது. என்ன ஆயிற்று?

வெளிநாட்டார் என்று நினைத்தவர்களில் சிலர் மெய்யாகவே தூர தேசத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. சிலரோ உள்ளூரிலேயே வளர்ந்தவர்கள்!

பெல்ட் எல்லாரையும் ஒரே கும்பலாகக் காட்டியது. பற்கள் அந்தக் கும்பலைப் பிரித்துக் காட்டிவிட்டன!

இரண்டும் உண்மை

அப்படியானால் ஹாக்ஸ் சொன்னது தவறா? முழுவதும் தவறு அல்ல.

ரோமாபுரியின் கடைசிக் காலத்துப் பட்டாளத்தில் ஜெர்மானியர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள் என்பது சரித்திரம் ஒப்புக்கொண்ட உண்மை. சேர்ந்தது மட்டும் அல்ல; மேலே மேலே உயர்ந்தார்கள். ஸ்டிலிக்கோ என்ற மகா சேனாதிபதியின் தந்தை வாண்டல் என்ற இனத்தவர். அந்த ஸ்டிலிக்கோதான் சாம்ராஜ்யத்தின் மேற்குப் பாதியைக் கட்டிக்காத்தவர். கி.பி. 408-ல் ரோமாபுரியே அவரைக் கொன்றது.

"அவன் ஜெர்மானியனா, ரோமாபுரியானா?" என்ற கேள்வியிலேயே கோணல் இருக்கிறது. ஒருவன் பிறப்பால் ஜெர்மானியனாகவும், பிழைப்பால் ரோமாபுரிச் சிப்பாயாகவும் இருக்கலாம். அவன் இடுப்பில் ரோமாபுரி பெல்ட். அவன் வீட்டில் பேசிய பாஷை வேறாக இருக்கலாம். அவன் குழந்தைகள் பிரிட்டன் மண்ணில் விளையாடியிருக்கலாம்.

அவன் காலம் எப்படிப்பட்ட காலம்? கி.பி. 402-ஐ ஒட்டி ரோமாபுரியிலிருந்து பிரிட்டனுக்குப் புதிய நாணயங்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. நாணயம் வராவிட்டால் சிப்பாய்க்குச் சம்பளம் ஏது? 407-ல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்பவர் தம்மையே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டு, பிரிட்டனில் இருந்த படைகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து போனார். சில ஆண்டுகளில் ரோமாபுரியின் ஆட்சி அங்கே முடிந்தது.

சர்க்கார் போய்விட்டது. டார்செஸ்டரில் ஒரு மனிதனை மட்டும் அவன் சர்க்கார் பெல்ட்டோடு, பழைய மண் அரணில், மரியாதையாகப் புதைத்தார்கள். புதைத்தவர்களுக்கு அந்த பெல்ட் முக்கியம் என்று தோன்றியிருக்கிறது. கழற்றி விற்காமல், கழற்றி உருக்காமல், அவனோடேயே மண்ணுக்குள் அனுப்பிவைத்தார்கள்.

மறுபடி ஒரு பெல்ட்!

கதையில் இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது.

2010-ம் ஆண்டு அதே டைக் ஹில்ஸ் மேட்டில் இன்னொரு கல்லறை தெரியவந்தது. அதிலும் ரோமாபுரி பெல்ட்டின் உலோகப் பாகங்கள்! கூடவே ஒரு கோடரித் தலை! பால் பூத் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி 2014-ல் பிரிட்டானியா என்ற ஆராய்ச்சி இதழில் எழுதினார்.

1874-ல் அகப்பட்டவன் தனி ஆள் அல்ல என்பதை இது காட்டிவிட்டது. அவனைப்போல் பெல்ட் கட்டியவர் இன்னொருவரும் அதே மேட்டில் புதைக்கப்பட்டிருக்கிறார். தேம்ஸ் நதிக் கரையிலிருந்த அந்தச் சிறு பட்டணத்துக்கு, ரோமாபுரியின் கடைசி நாட்களில், ஆயுதம் தாங்கிய காவல் இருந்தது என்ற எண்ணம் இதனால் பலப்பட்டது.

1874-ல் கூலியாட்களின் மண்வெட்டி கிளறிய கல்லறைக்கும், 2010-ல் கிடைத்த கல்லறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது அகப்பட்ட நாளில் அதைக் காப்பாற்றச் சட்டம் இல்லை. இரண்டாவது அகப்பட்ட நாளில் சட்டம் இருந்தது.

ஜான் லப்பக் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1873-ல் பழைய சின்னங்களைப் பாதுகாக்க மசோதா கொண்டுவந்தார். "தனி மனிதரின் நிலத்தில் சர்க்கார் தலையிடுவதா?" என்று எதிர்ப்பு எழுந்தது. விடாமல் போராடி, 1882-ல்தான் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட முதல் இன்ஸ்பெக்டர் யார் தெரியுமா? டைக் ஹில்ஸ் இடிபடுவதைக் கண்டு குமுறிய அதே பிட் ரிவர்ஸ்!

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

இந்தக் கதையில் குடும்பங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

வயலில் ஏர் ஓட்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, களிம்பு ஏறிய பழைய பொருள் ஏதாவது அகப்படலாம். உடனே என்ன செய்கிறார்கள்? புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள்!

அப்படிச் செய்யவே கூடாது. அந்தப் பச்சைக் களிம்புக்குள்தான் சாட்சி ஒட்டிக்கொண்டிருக்கும். மக்கிப்போன தோலின் சுவடு, துணியின் நூல், மரத்தின் ரேகை எல்லாம் களிம்பில் படிந்து தங்குவது உண்டு. புளி போட்டால் பித்தளை பளிச்சென்று ஆகும். ஆனால் சாட்சி அழிந்துபோகும்.

இரண்டாவது, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாணயம் தனியாக ஒருவர் கைக்கும், பக்கிள் தனியாக இன்னொருவர் கைக்கும் போய்விட்டால், ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல முடியாமல் போய்விடும். இடம் தெரியாத பொருள் தாய் தகப்பன் தெரியாத பிள்ளை மாதிரி.

மூன்றாவது, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், அதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம்.

டார்செஸ்டர் சிப்பாயின் பெயரை இனி யாரும் சொல்லப் போவதில்லை. அவன் பெல்ட்டின் வெண்கலத் துண்டுகள் ஆஷ்மோலியனில் இருக்கின்றன. தங்கம் இல்லை, வைரம் இல்லை. சந்தையில் எடை போட்டால் சில்லறைக் காசு. ஆனால் எடுத்தவர்கள் அதை உருக்கிவிடாமல், இடத்தின் பெயரோடு சேர்த்து ஒப்படைத்தார்கள். அதனால்தான் பேசத் தெரியாத அந்த வெண்கலம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது!